நித்திரை தேவைப்படாத இரவுகள்
(மனநலம்: வாசகர் கேள்வி பதில்)

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே நோயை, சோர்வும் எழுச்சியும் மாறி மாறி வரும் இருதுருவ மனநிலைக் கோளாற்றை, சுற்றியே இருந்தன. எனவே ஏனையவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்து, இவற்றுக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு வயது 24. சென்ற ஆண்டு மாரி தொடங்கியது முதல் மூன்று மாதங்கள் அறையை விட்டு வெளியே வராமல், குளிக்காமல், சாப்பாட்டைத் தொட்டும் தொடாமலும் கிடந்தான். தனியாரிடம் காட்டியபோது மனச்சோர்வு என்று குளிசை தந்தார்கள், மெல்லத் தேறினான். இப்போது இரண்டு கிழமையாக இரவில் இரண்டு மணித்தியாலங்கூடப் படுப்பதில்லை. விடியப்புறம் மூன்று மணிக்கு வெளிச்சத்தைப் போட்டுக் கொண்டு கிணற்றடியைத் துப்புரவாக்குகிறான். வாய் ஓயாமல் கதைக்கிறான். என் சங்கிலியை அடகு வைத்துக் கூட்டாளிமாருக்குத் தொலைபேசி வாங்கிக் கொடுத்துவிட்டான். லீசிங்கில் உழவு இயந்திரம் எடுத்து ஊரையே பணக்காரராக்கப் போகிறானாம். மறித்தால் எரிந்து விழுகிறான். அயலவர்கள் செய்வினை என்கிறார்கள். என் தமையனோ, 2009இல் தகப்பனைப் பறிகொடுத்த அதிர்ச்சி இப்போதுதான் வெளிவருகிறது என்கிறார். எதை நம்புவது?
(ஒரு தாய், புதுக்குடியிருப்பு)

பதில்: அம்மா, ஆளைப் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்வது முறையல்ல. ஆயினும் நீங்கள் எழுதியிருப்பவற்றுள் சங்கிலியைவிடவும் உழவு இயந்திரத்தைவிடவும் முக்கியமானது அந்த விடியப்புறக் கிணற்றடிதான். நித்திரை வராமல் இருப்பது வேறு, நித்திரை தேவைப்படாமல் இருப்பது வேறு. கவலையினாலோ பழைய நினைவுகளினாலோ இரவெல்லாம் விழித்திருப்பவர் மறுநாள் சோர்ந்து போவார், கண் எரியும், வேலை ஓடாது. இரண்டு மணித்தியாலம் படுத்தெழுந்துவிட்டு, முழு இரவும் தூங்கியவரைவிடத் துடிப்போடு ஒருவர் ஓடித் திரிகிறார் என்றால், அதை மகிழ்ச்சி என்றோ சுறுசுறுப்பு என்றோ எண்ணி விட்டுவிடக் கூடாது.

சோர்வும் எழுச்சியும் இவ்விதம் மாறி மாறி வரும் நோயை இருதுருவ மனநிலைக் கோளாறு என்பர். கிளினிக்கில் ‘பைபோலர்’ என்ற சொல்லே உங்கள் காதில் விழும். எழுச்சி ஒரு கிழமையேனும் நீடித்து, நித்திரை குறைந்து, பேச்சும் செலவும் திட்டங்களும் கட்டுக்கடங்காமல் பெருகி, அன்றாட வாழ்வைக் குலைக்குமானால் அது பித்துநிலை. அதே குறிகள் நான்கு நாட்களேனும் இருந்து, ஆளுடைய வழமையான போக்கிலிருந்து வேறுபட்டுத் தெரிந்தாலும், குடும்பத்தையும் தொழிலையும் உடைக்காத அளவில் நிற்குமானால் அது மிதமான எழுச்சி. மனச்சோர்வு என்பதற்கு இரண்டு கிழமையேனும் நீடித்திருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு மூன்று மாதங்கள் நீடித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 4 கோடிப் பேர் இந்நோயோடு வாழ்ந்தார்கள். பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் இது பெரும்பாலும் தலைகாட்டும்.

இனி உங்கள் தமையனார் சொன்னது. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு, வன்னியில் ஒருவருக்கு மனத்தில் எது வந்தாலும் போரின் கணக்கிலேயே எழுதிவிடும் வழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. அது எப்போதும் பிழையென்று சொல்ல மாட்டேன். இழப்பும் அதிர்ச்சியும் இந்நோயை முன்கூட்டியே கிளப்பிவிடலாம், வந்த நோயைக் கடுமையாக்கவும் செய்யலாம். ஆனால் போரையே காணாத நாடுகளிலும் இந்நோய் இருக்கிறது. போரின் வடு என்பது கெட்ட கனவாக, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவதாக, குறிப்பிட்ட இடங்களையும் பேச்சுகளையும் தவிர்ப்பதாக வரும். ஊரைப் பணக்காரராக்கும் திட்டமாக வருவதில்லை. இரண்டுக்குமான மருத்துவமும் வேறு வேறு. எல்லாவற்றையும் போரின் மேல் போட்டுவிட்டால் இந்தப் பிள்ளைக்குரிய மருந்து கிடைக்காமலே போய்விடும். செய்வினையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: கோயிலில் நூல் கட்டுவதையோ விபூதி போடுவதையோ நான் தடுக்கப் போவதில்லை. அதற்காக வைத்தியசாலைக்குப் போவதை ஒரு நாளேனும் தள்ளிப் போடாதீர்கள்.

சென்ற ஆண்டு கொடுத்த குளிசை மிகவும் கவனிக்க வேண்டிய விடயம். இந்நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வுக் குளிசையைத் தனியாகக் கொடுத்தால், அது சிலரை மறுதுருவத்துக்குத் தூக்கிவிடும். கொடுத்த மருத்துவரைக் குறை சொல்வதற்கில்லை, முதல் வருகையே சோர்வாக இருந்தால் எவரும் தடுமாறுவர். எழுச்சியில் இருப்பவர் தனக்கு ஒரு குறையும் இல்லை என்பார், வீட்டாரும் ‘பிள்ளை கலகலப்பாய்த்தானே இருக்கிறான்’ என்று இருந்துவிடுவர். இந்நோயைப் பிந்திக் கண்டுபிடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மகன் இன்னும் அந்தக் குளிசையை எடுக்கிறான் என்றால் வெற்று அட்டையாக இருந்தாலும் கையோடு கொண்டு போங்கள். கஞ்சா, ஐஸ் போன்ற போதைப்பொருட்களைப் பாவித்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இவற்றாலும், தைரொயிட் சுரப்பி மிகையாக வேலை செய்வதாலும், இதே தோற்றம் வரக்கூடும்.

மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு இந்தக் கிழமையே போக வேண்டும், சதம் செலவில்லை. அவனை எப்படிக் கூட்டிப் போவது என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். ‘உனக்கு மூளை பிழைச்சுப் போச்சு’ என்று தொடங்கினால் அன்றைக்கே கதவு அடைபடும். திட்டம் சரியா பிழையா என்று வாதாடவும் வேண்டாம், வாதத்தில் அவன்தான் வெல்வான். நித்திரையைப் பிடித்துக் கொள்ளுங்கள்: “தம்பி, நீ படுத்து எத்தினை நாளாச்சு, உடம்பு தாங்காது, நித்திரைக்கு ஒருக்கா டொக்டரிட்டக் காட்டிப்போட்டு வருவம்.” பித்துநிலையில் இருப்பவர்கூட இதை ஒப்புக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவன் மதிக்கும் ஒருவர், பழைய ஆசிரியரோ சித்தப்பாவோ, கூட வருவது நல்லது. ஊரே திரண்டு வருவது கெடுதல். அடிக்கவோ வீதியில் இறங்கி ஓடவோ முற்பட்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழையுங்கள்.

அதுவரை வீட்டைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். பொழுதுபட்டதும் வெளிச்சத்தைக் குறையுங்கள். பின்னேரத்துக்குப் பிறகு தேநீர் வேண்டாம். அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம், மோட்டார் சைக்கிள் திறப்பு ஆகியவற்றை அவன் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். அடையாள அட்டை இல்லாமல் எவரும் லீசிங் கொடுக்க மாட்டார்கள். அடகுச் சிட்டையைக் கவனமாக வைத்திருங்கள், மீட்பதைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: அந்தத் தாயின் மூத்த மகள் நான். எங்கள் பெரியப்பாவும் இளவயதில் இப்படித்தான் மாதக்கணக்கில் பாடித் திரிந்து, பிறகு மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பாராம். எனக்கும் வருமா?

பதில்: பெற்றோர், உடன்பிறப்பு ஆகியோரில் ஒருவருக்கு இருந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு 100இல் ஏறத்தாழ 10. வராமலிருக்கும் வாய்ப்பு 90 என்பதும் இதே கணக்குத்தான். பெரியப்பாவின் கதையை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், தம்பியின் நோயைத் தெளிய அது பெரிதும் உதவும்.

கேள்வி: என் கணவர் கமக்காரர். இந்நோய்க்கு நான்கு ஆண்டுகளாக லித்தியம் என்ற குளிசை எடுத்து எந்தக் குழப்பமும் இல்லாமல் இருக்கிறார். இப்போது ‘சுகமாகிவிட்டது, இனி எதற்கு’ என்கிறார். லித்தியம் கிட்னியைத் தின்றுவிடும் என்று யாரோ சொன்னதும் பயந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் கிட்னி வருத்தம் கூடவென்பது உங்களுக்குத் தெரியும். நிறுத்தலாமா?
(நெடுங்கேணி வாசகி)

பதில்: அவருடைய பயத்தை வெறும் வதந்தி என்று ஒதுக்கமாட்டேன். காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தில் மட்டுமன்றி வவுனியா மாவட்டத்திலும் காணப்படுகிறது. லித்தியமும் பல ஆண்டுகள் எடுக்கும் சிலரில் சிறுநீரகத்தின் திறனைக் குறைக்கிறது. ஆகவே கிட்னியைச் சோதிக்காமல் லித்தியம் எடுப்பது தவறு. சோதனை சரியாக இருக்கும்போது பயத்தினால் மட்டும் நிறுத்துவதும் தவறு.

லித்தியம் ஒரு உப்பு. ஜோன் கேட் என்ற அவுஸ்திரேலிய மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் போர்க் கைதியாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்து மீண்டவர், பித்துநிலைக்கு இது வேலை செய்வதை 1949இல் எழுதினார். முக்கால் நூற்றாண்டு கடந்தும், நோய் திரும்ப வராமல் காப்பதிலும் தற்கொலையைக் குறைப்பதிலும் இதற்கு ஈடான மருந்து அரிது. ஆனால் உப்பு என்பதனால் இதற்கொரு குணம் உண்டு. உடலில் தண்ணீரும் கறியுப்பும் குறையும்போது, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைப்பதாக எண்ணி லித்தியத்தையும் பிடித்து வைத்துவிடும். இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும்.

சித்திரை வைகாசி வெயிலில் வயலில் நிற்கும் ஒருவருக்கு இது ஏட்டுப் படிப்பல்ல. வியர்க்க வியர்க்க வேலை செய்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல், கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீரோடு மட்டும் விரதமிருப்பது, யாரோ சொன்னார்கள் என்று சாப்பாட்டில் உப்பைத் திடீரென விடுவது ஆகிய எல்லாம் அளவை ஏற்றக்கூடியவை. விரதம் இருக்க வேண்டுமானால் முன்னதாகவே வைத்தியரோடு பேசி, நீரும் உப்பும் சேர்ந்த ஒரு வழியை வகுத்துக் கொள்ளலாம். முருகன் கோபிக்க மாட்டார்.

இதைவிட எனக்குப் பயம் தருவது நாரிநோவுக்குக் கடையில் கேட்டு வாங்கும் குளிசைதான். டைக்ளோபினாக், ஐபுபுரோபென் போன்றவை லித்தியத்தை உயர்த்தும், சிறுநீரகத்தையும் தாக்கும். நோவுக்குப் பரசிற்றமோல் போதும். இரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில், லொசாட்டன் அல்லது நீர் போகும் குளிசை எவரேனும் புதிதாக எழுதினால், லித்தியம் எடுப்பதை உடனே சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சல் போன்ற வயற்காய்ச்சலுடன் வைத்தியசாலைக்குப் போகும்போதும் கிளினிக் கொப்பியை மறக்கக் கூடாது.

அளவு கூடினால் கை பெரிதாக நடுங்கும், வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், நடை தள்ளாடும், நாக்குக் குழறும். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று படுக்க விட்டுவிடாதீர்கள். அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

இரத்தச் சோதனையைக் கடைசிக் குளிசை எடுத்து 12 மணித்தியாலங்கள் கழித்துச் செய்ய வேண்டும். இரவு ஒன்பதுக்கு எடுத்தால் காலை ஒன்பதுக்கு, காலைக் குளிசைக்கு முன்னர். நீண்டகாலப் பாவனையில் லீற்றருக்கு 0.6 தொடக்கம் 0.8 மில்லிமோல் வரை பெரும்பாலோருக்குப் பொருத்தமான அளவு. கிளினிக்குக்கு விடியவே வெளிக்கிடும் அவசரத்தில் குளிசையைப் போட்டுவிட்டு இரத்தம் கொடுத்தால், வரும் இலக்கம் பொய் சொல்லும். அத்தோடு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிறுநீரகம், தைரொயிட், கல்சியம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். நான்கு ஆண்டுப் பெறுபேறுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் உங்கள் கணவருடைய பயத்துக்கு ஆதாரம் உண்டா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். குறைவு தெரிந்தால், வேறு மருந்துக்கு மாறலாம். எப்படியும் சடுதியாக நிறுத்தக் கூடாது. சடுதியாக நிறுத்தியவர்களுக்கு அடுத்த சில மாதங்களில் பித்துநிலை திரும்புவது மிக அதிகம். குறைப்பதானால் நான்கு கிழமையேனும், முடிந்தால் மூன்று மாதங்களாகப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சூடடிப்புக் காலத்தில் இரவிரவாகக் களத்தில் நிற்க வேண்டிய நாட்களில் குறைக்கவே வேண்டாம். தொடர்ந்து இரண்டு இரவு நித்திரை முறிவதே இவரைப் போன்றவர்களுக்கு எழுச்சியைத் தொடக்கிவிடப் போதும். காவலுக்கு இவ்வருடம் வேறொருவரைப் போடுங்கள்.

கேள்வி: மருந்தைத் தேநீரில் கரைத்து, நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கலாமா?
(பலர் கேட்டது)

பதில்: வேண்டாம். ஒருநாள் கண்டுபிடிப்பார், அதன்பின் மருந்தை மட்டுமல்ல, உங்கள் கையால் சாப்பாட்டையும் வாங்க மாட்டார். குளிசையை விழுங்க மறுப்பவர்களுக்கென மாதம் ஒருமுறை போடும் ஊசிகள் சில உண்டு. பொருந்துமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

கேள்வி: நான் கிளிநொச்சியில் ஆசிரியை. 19 வயதில் இந்நோய் வந்தது. மூன்று ஆண்டுகளாக வல்புரோவேட் என்ற குளிசை எடுத்து நலமாக இருக்கிறேன். திருமணம் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார். என்ன செய்வது?

பதில்: தங்கைக்கு, திருமணத்துக்கு முன் குளிசையைப் பற்றிப் பேச வேண்டும். வல்புரோவேட் எடுக்கும் தாய்க்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 10 பேருக்கு முதுகெலும்புப் பிளவு போன்ற பிறவிக் குறைபாடு ஏற்படுகிறது. 30 தொடக்கம் 40 பேருக்குப் பேச்சு, கற்றல், வளர்ச்சியில் குறை ஏற்படுகிறது. போலிக் அமிலக் குளிசை இந்த ஆபத்தை நீக்கிவிடாது. எனவே பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இதைத் தவிர்ப்பதே இன்றைய மருத்துவ நெறி. நீங்களாக நிறுத்த வேண்டாம். திருமண நாளுக்குச் சில மாதங்கள் முன்பே வைத்தியரிடம் போய், மாற்று மருந்துக்கு மாறி, அதில் நிலைபெற்றிருங்கள். குழந்தை பிறந்த முதற் கிழமைகள்தான் இந்நோயுள்ள பெண்களுக்கு மிகவும் ஆபத்தான காலம் என்பதால், கர்ப்பமானதும் குடும்பநல மாதுவிடமும் நோயைச் சொல்லி வையுங்கள். இரவுப் பாலை வேறொருவர் போத்தலில் ஊட்டி, நீங்கள் தொடர்ந்து படுக்க ஓர் ஏற்பாடு அப்போது கட்டாயம் வேண்டும். ஒளித்து வைத்த நோய்க்கு அப்படியொரு ஏற்பாட்டை எப்படிக் கேட்பீர்கள்?

அம்மாவின் பயம் நியாயமானது. ‘விசர்’ என்ற ஒரு சொல்லுக்கு எங்களூரில் எத்தனை கல்யாணம் குழம்பியது என்று அவர் கண்டிருப்பார். ஆனாலும் என் கருத்து, சொல்ல வேண்டும் என்பதே. யாரிடம் என்பதில்தான் கவனம் வேண்டும். பேச்சுக்கால் தரகரிடமோ பெரிய மாமியிடமோ அல்ல, மாப்பிள்ளையிடம், நீங்களே, நேரில். “எனக்கு ஒரு வருத்தம் இருக்கு, பத்தொன்பது வயசில வந்தது, மருந்தோட இருக்கிறன், படிப்பிக்கிறன். நித்திரை குறைஞ்சால் நான் கவனமாய் இருக்கோணும்.” இவ்வளவு போதும். எங்கள் துறையில் பலரும் இதைச் சீனி வருத்தத்தோடு ஒப்பிட்டுச் சொல்லச் சொல்வர். எனக்கு அந்த ஒப்பீடு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. சீனி வருத்தம் நகையை அடகு வைக்காது. உள்ளதை உள்ளபடி கேட்டு, அடுத்த கிளினிக்குக்குத் தானும் வருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவரைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரிந்துவிடும். விலகிப் போனாலும் தெரிந்துவிடும்.

கேள்வி: என் அண்ணனுக்கும் இந்நோய்தான். இப்போது சோர்வில் இருக்கிறார். கடலுக்குப் போவதில்லை. ‘நான் உங்களுக்குப் பாரம்’ என்று இரண்டு தடவை சொன்னார். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நானே ஊட்டியதாகிவிடுமோ?
(முல்லைத்தீவு வாசகர்)

பதில்: ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. பெரும்பாலானோர் கேட்டவுடன் நிம்மதியாக மூச்சு விடுவர். சுற்றி வளைக்காமல், “அண்ணை, செத்துப் போகலாம் எண்டு நினைக்கிறியளோ?” என்று கேளுங்கள். ஆம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா எனவும் கேளுங்கள். திட்டம் இருந்தால் அன்றே வைத்தியசாலை, அதுவரை தனியே விட வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

வீட்டில் தோட்டத்துக்கென வாங்கிய நாசினிப் போத்தல் இருந்தால் இன்றைக்கே வெளியேற்றுங்கள். இலங்கையில் 1995இல் 1 இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை உச்சத்தில் இருந்தது. மிகக் கொடிய நாசினிகளை அரசு படிப்படியாகத் தடை செய்ததே அது குறைந்ததற்கு முக்கிய காரணம். நாசினி எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால், சாக வேண்டும் என்ற வேகம் மேலெழும் அந்த ஒரு மணித்தியாலம் கடந்துவிடுகிறது. குளிசைகளையும் உங்கள் பொறுப்பில் வைத்து ஒரு கிழமைக்கு உரியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

இன்னொன்று. மருந்து பிடிக்கத் தொடங்கும்போது முதலில் திரும்புவது உடம்பின் தென்பு, மனம் பிந்தித்தான் தெளியும். அண்ணன் எழும்பி முற்றத்தில் நடக்கிறார், வலையை எடுத்துப் பார்க்கிறார் என்றவுடன் காவலை எடுத்துவிடாதீர்கள். இன்னும் மூன்று நான்கு கிழமைக்கு யாராவது ஒருவர் வீட்டில் இருக்கட்டும். அந்த நாட்களில் எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழும்பினார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.